மல்லிக்கிட்டங்கி ரோடு

உனக்குத் தமிழ் வாசிக்க நேரம் எடுக்கும் என்று தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். போனில் என்றால் நான் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் "சரி அம்மா, பிறகு விளிக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸாப்பில் என்றால் கட்டைவிரலை உயர்த்தி ஒரு படம் அனுப்புகிறாய். கடிதத்துக்கு அப்படியெல்லாம் பதில் சொல்ல முடியாது. மெதுவாகவே வாசி. நேற்று மாலை ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் கூட்டம் நடந்தது. நம் வீட்டுப் பாதைக்கு நம் குடும்பத்தின் பெயரை வைக்க வேண்டும் என்று கார்ப்பரேஷனுக்கு எழுதுவதற்கான கூட்டம். அங்கே வாசிக்கச் சொல்லி நீ எழுதி அனுப்பிய மூன்று வரிகளை நான் வாசிக்கவில்லை. அதற்குப் பதிலாக என்ன சொன்னேன், அதற்கு என்ன நடந்தது என்பதை வேறு யாரும் உனக்குச் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும்.

முதலில், போனில் நீ கோபப்பட்டதைப் பற்றி. இந்தப் பெயர் விஷயம் தொடங்கியபோது உன்னைவிட எனக்குத்தான் அதில் அக்கறை குறைவு. பாதைக்குப் பெயர் இல்லாததால் சாப்பாடு கொண்டுவரும் பையன்கள் ஆரியசாலை முழுக்கச் சுற்றுகிறார்கள், போன வருஷம் ஓர் ஆம்புலன்ஸ் அடுத்த சந்துக்குள் போய்ப் பின்னால் எடுக்க முடியாமல் நின்றது என்று அசோசியேஷன் செயலாளர் சசி சார் வந்து சொன்னபோது, ஏதாவது ஒரு பூவின் பெயரை வைத்துவிட்டுப் போங்கள் என்றுதான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. இங்கே எல்லோரும் நம்மை எப்படிக் குறிப்பிடுகிறார்களோ அதையே வைத்தால் புதிதாக யாரும் பழக வேண்டியதில்லை என்றார். அவர் கொண்டுவந்த காகிதத்தில் அந்தப் பெயரோடு நம் ஜாதிப் பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை மட்டும் அப்போதே அடிக்கச் சொன்னேன். மிச்சம் இருந்தது நாலு தலைமுறையாகக் கடைத்தெரு நம்மைக் கூப்பிடும் பெயர். கொத்தமல்லி மூட்டைகளை அடுக்கி வைக்கும் சரக்குக் கிட்டங்கிக்காரர்கள். மல்லிக்கிட்டங்கி ரோடு. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கேட்கும்போதே மூக்கில் வாசனை வருகிற பெயர்.

எனக்கு ஆட்சேபணை உன் மூன்று வரிகளில்தான். மலையாளத்தில் அழகாகத்தான் எழுதியிருந்தாய், அதில் குறை இல்லை. "பொதுமக்களின் நன்மையைக் கருதி, தங்கள் சொந்த நிலத்தை மனமுவந்து வழியாகத் தானம் செய்த குடும்பம்." நான் போனில் "இது நடந்ததில்லையே" என்றேன். நீ "அம்மாவுக்கு எல்லாத்திலும் சந்தேகம்" என்றாய். பிறகு கொஞ்சம் தணிந்து, "கல்யாணத்துக்கு நீதுவோட ஆளுங்க எல்லாம் ரோட்டு முனையில வைக்கிற பெயர் போர்டைத் தாண்டித்தானே வருவாங்க, அதுல நம்மளைப் பற்றி நல்லதா நாலு வார்த்தை இருந்தா என்ன குறைஞ்சுடும்" என்றாய். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நீ பயப்பட்டது கார்ப்பரேஷனுக்காக அல்ல. டாக்டர்களும் காலேஜ் வாத்தியார்களும் நிறைந்த வீட்டிலிருந்து வரும் பெண், மசாலா மொத்த வியாபாரிகளின் சந்துக்குள் கால் வைக்கும்போது, அந்தச் சந்துக்கு ஒரு பெருமை வேண்டும் என்று நினைத்தாய். அது தப்பான ஆசை என்று நான் சொல்ல மாட்டேன். இந்த வீட்டுக்குள் வந்தபோது எனக்கும் அந்த மாதிரி ஒன்று தேவைப்பட்டது. வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்த பெண்ணை மல்லி வியாபாரிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று என் கூடப் படித்தவர்கள் பேசியது என் காதில் விழாமல் இல்லை.

என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியும். தெரிந்தும் நீ அப்படி எழுதினாய் என்பதுதான் எனக்கு வருத்தம். ஆனாலும் ஒருமுறை முறையாகச் சொல்லி வைக்கிறேன், நாளைக்கு உன் பிள்ளைகளுக்கு நீ சொல்ல வேண்டியிருக்கும். தாத்தாவின் தாத்தா தென்காசிப் பக்கத்திலிருந்து மல்லி வண்டியோடு வந்தவர். கடைத்தெருவில் முதலில் ஒரு கிட்டங்கி, பிறகு எதிரே இன்னொரு கிட்டங்கி வாங்கினார். இரண்டுக்கும் நடுவில் மாட்டுவண்டி திரும்புவதற்கு இடம் விட்டிருந்தார். அந்த இடம் பின்தெரு வரைக்கும் திறந்து கிடந்ததால், பின்தெருவில் குடியிருந்தவர்கள் கடைத்தெருவுக்கு வர அதன் வழியாக நடக்க ஆரம்பித்தார்கள். யாரும் கேட்கவில்லை, யாரும் தடுக்கவில்லை. அப்போது ஒரு வக்கீல் அவரிடம், இப்படியே விட்டால் இது பொதுவழி ஆகிவிடும், வருஷத்தில் ஒரு நாளாவது பூட்டிவையும், அப்போதுதான் இது உம்முடையது என்பதற்கு ஆதாரம் என்று சொன்னாராம். அவர் இரும்பு கேட் ஒன்று போட்டார்.

ஆனால் தினமும் முகம் பார்க்கிற மனிதர்களின் முன்னால் கேட்டை இழுத்துப் பூட்ட ஒரு காரணம் வேண்டுமே. வியாபாரிக்குக் காரணம் கிடைக்காமல் போகுமா? சரஸ்வதி பூஜைக்குத் தராசையும் படிக்கல்லையும் மூட்டை தூக்கும் கொக்கியையும் பூஜையில் வைக்கும்போது, கேட்டையும் சேர்த்து வைத்துவிட்டார். இந்த ஊரில் பூஜைக்கு வைத்த பொருளை விஜயதசமி காலையில் எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. பிள்ளைகள் புத்தகத்தைத் தொடாமல் இருப்பது போல, கேட்டையும் தொடக்கூடாது. சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ, அதன் மேல் சங்கிலி. பின்தெருக்காரர்கள் அன்றைக்கு மட்டும் பெரிய ரோட்டைச் சுற்றிக்கொண்டு போவார்கள். சட்டத்தைப் பக்திக்குள் மடித்து வைத்த அந்தச் சாமர்த்தியத்தை, சாமியிலேயே அவ்வளவு நம்பிக்கையில்லாத நான், கல்யாணமான முதல் வருஷத்திலேயே ரசித்தேன். உனக்கு ஐந்து வயதிலிருந்து கேட்டுக்குப் பொட்டு வைக்கிற வேலை உன்னுடையது. கம்பி ஒன்றுகூட விடாமல் வைப்பாய்.

பிறகு தாத்தா இறந்தார். அந்த வருஷம் துக்க வருஷம். வீட்டில் பண்டிகை இல்லை, பூஜை இல்லை. நவராத்திரி வந்தது, போனது. தராசைக் கழுவி வைத்தோம், அவ்வளவுதான். கேட்டைப் பற்றி யாருமே யோசிக்கவில்லை. நீ மட்டும் "கேட்டுக்குப் பொட்டு இல்லையா" என்று கேட்டாய். "இந்த வருஷம் நமக்கு இல்லை" என்றேன். சொல்லும்போது எனக்கே உறைக்கவில்லை. பூஜையைத்தான் நிறுத்தினோம், ஆனால் பூட்டும் அதற்குள்தான் இருந்தது. தாத்தாவின் தாத்தா அவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் செய்த ஏற்பாட்டில் இருந்த ஓட்டை அது. சாவு வந்தால் பூஜை நிற்கும் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அல்லது துக்கத்திலும் தன் பிள்ளைகள் பூட்டை மறக்க மாட்டார்கள் என்று நினைத்திருப்பார்.

அடுத்த வருஷம் நடந்ததை நீ பார்க்கவில்லை, அன்று நீ மாமா வீட்டில் நாகர்கோவிலில் இருந்தாய். காலையில் பூஜை முடிந்ததும் அப்பா சங்கிலியை எடுத்துக்கொண்டு கீழே போனார். வெகுநேரம் வரவில்லை. நான் கிட்டங்கிக்கு மேலே நம் வீட்டு ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தேன். கேட்டின் ஓரத்தில் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார். ஒரு வருஷம் பூட்டாமல் கிடந்ததில் பாதையின் பின்தெருப் பக்கத்தில் என்னென்னவோ முளைத்திருந்தது. ஒரு ட்யூஷன் சென்டர், ஒரு தையல்கடை, லைலா டாக்டரின் ஹோமியோ க்ளினிக். "என்ன நிக்கிறீங்க" என்று மேலிருந்து கேட்டேன். "உள்ளே ரெண்டு ஸ்கூட்டர் நிக்குது கேட்டியா, அவங்க போகட்டும், பூட்டிடலாம்" என்றார். அந்த இரண்டு ஸ்கூட்டர் போவதற்குள் மூன்று வந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் உன் அப்பா ஒதுங்கி வழிவிட்டார். ஒரு பையன் வண்டியை நிறுத்தி, "சேட்டா, கேட் ரிப்பேரா, பிடிக்கணுமா" என்று கேட்டான். இவர், "ஒண்ணுமில்லை மோனே, நீ போ" என்றார். மதியம் மேலே வந்து சாப்பிட்டார். சங்கிலியைக் கொடியில் துண்டு போடுவது போல மாட்டிவிட்டுப் படுத்துத் தூங்கிவிட்டார்.

நான் சும்மா இருக்கவில்லை. தூங்கி எழுந்ததும், "இன்னொரு வருஷம் விட்டால் போச்சு, வக்கீல் சொன்னது ஞாபகம் இருக்கா" என்றேன். அவர், "அப்படின்னா நீ போய்ப் பூட்டேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் இறங்கினேன். கேட்டின் ஒரு கதவில் கையும் வைத்தேன். அங்கே நின்று ஒரு கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்: பூட்டி இது நம்முடையது என்று நிரூபித்துவிட்டால், பிறகு இதை வைத்து என்ன செய்யப்போகிறோம்? மாட்டுவண்டி போய் மினி லாரி வந்து பல காலம் ஆகிவிட்டது, லோடு எல்லாம் கடைத்தெருப் பக்கமே இறங்குகிறது. கிட்டங்கியில் பாதி இடம் சும்மா கிடக்கிறது. இந்த மண்ணில் நாம் செய்வதற்கு ஒன்றுமே இல்லை, வருஷத்தில் ஒரு நாள் பூட்டுவதைத் தவிர. கையை எடுத்துவிட்டு மேலே வந்துவிட்டேன். அப்பாவிடம் காரணம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அதற்கு அடுத்த வருஷம் யாரும் சங்கிலியை எடுக்கவில்லை. பிறகு தார் வந்தது, தெருவிளக்கு வந்தது, குழாய் வந்தது.

அப்பாவின் கூச்சமும் என் கணக்கும் சேர்ந்து போட்ட ரோடு அது. அதில் தானம் எங்கே இருக்கிறது, சொல். கொடுப்பது என்றால் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். எனக்குக் கடவுளைப் பற்றிச் சந்தேகம் உண்டு, டிவி செய்தியைப் பற்றிச் சந்தேகம் உண்டு, உன் நண்பர்கள் சொல்லும் மியூச்சுவல் ஃபண்டுகளைப் பற்றி நிறையவே உண்டு. ஆனால் அந்த நாளைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை, நான் அங்கே நின்றிருந்தேன்.

நேற்றுக் கூட்டம் நூலகத்தின் மாடியில். பிளாஸ்டிக் நாற்காலி, கட்டன் சாயா, சூடாகப் பழம்பொரி. ஆள் வருவதற்குக் காரணம் பழம்பொரிதான் என்று சசி சாரே சொல்வார். கௌன்சிலரும் வந்திருந்தார். "குடும்பத்தின் சார்பில் சேச்சி இரண்டு வார்த்தை" என்று கூப்பிட்டார்கள். உன் காகிதம் என் பையில் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. இப்போது உனக்கு எழுதியதைத்தான் மலையாளத்தில் சுருக்கமாகச் சொன்னேன். வக்கீல், சங்கிலி, துக்க வருஷம், எல்லாம். பூஜை என்று சொல்லி உங்களை வருஷாவருஷம் சுற்றி நடக்க வைத்தது எதற்காக என்பதையும் மறைக்கவில்லை. "இது கொடுத்த வழி இல்லை. இதைத் தெரிந்துகொண்டு பிறகு பெயரை வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்" என்று சொல்லி உட்கார்ந்தேன். முதல் வரிசையில் அப்பா சாயா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

 பிறகு லைலா டாக்டர், உட்கார்ந்த இடத்திலிருந்தே, "சேச்சி இதைப் பெரிய ரகசியம் மாதிரிச் சொல்றீங்களே" என்றார். "பின்தெருவில் இது தெரியாத ஆள் உண்டா? எங்க வீட்டில் அந்த நாளுக்குப் பெயரே சங்கிலி பூஜை. 'நாளைக்குச் சங்கிலி பூஜை, இன்னைக்கே மீன் வாங்கி வை'ன்னு உம்மா சொல்லும்."

பின்னாலிருந்து ஒருவர், "பூஜைக்கு வெச்ச கேட் மேல ஏறிக் குதிச்சுத்தான் நான் மாட்டினிக்குப் போனேன். தெய்வ கோபம் ஒண்ணும் வரலை. படம்தான் மோசம்" என்றார்.

மாடி முழுக்கச் சிரித்தது. எனக்கு முகம் சூடாகிவிட்டது. நாலு தலைமுறையாக நாம் ஊரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்திருந்தோம். ஊர் நமக்காக ஏமாந்தது போல நடந்துகொண்டிருந்திருக்கிறது. இத்தனை வருஷம் படித்த எனக்கு இது ஒரு நாளும் தோன்றவில்லை.

சசி சார், "அப்போ பெயரை என்ன செய்வது, வாபஸ் வாங்குவதா" என்று கேட்டார். அப்போதுதான் உன் அப்பா எழுந்தார். அவர் ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. அவருடைய கடைத்தெரு மலையாளம் பாதித் தமிழ்தான், உனக்கே தெரியும். "பேர் வேண்டாம்னு நான் பறயலை. எங்க அப்பா இருந்தா சந்தோஷப்பட்டிருப்பார். ஆனா 'தந்தாங்க'ன்னு மட்டும் எழுதண்டாம். நாங்க தரலை. பூட்டலை, அவ்வளவுதான்" என்றார்.

"அவ்வளவுதானா?" என்றார் டாக்டர். "அதுக்கப்புறம் எத்தனை பூஜை வந்தது? சங்கிலி உங்க வீட்டில்தானே இருந்தது? பூட்டவேண்டாம்னு யாராவது கேஸ் கொடுத்தாங்களா?"

 "அது... எல்லாரும் போய் வந்துகிட்டு இருந்தாங்க" என்று மட்டும் அப்பா சொன்னார். மறுபடியும் சிரிப்பு, ஆனால் இந்த முறை வேறு மாதிரி. ஆட்சேபணை இருப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் கௌன்சிலர். ஒரு கையும் எழவில்லை. பெயர் அப்படியே கார்ப்பரேஷனுக்குப் போகிறது. தானம் என்ற சொல் போகாது.

டாக்டரின் தர்க்கத்தை நான் முழுதாக ஏற்கவில்லை. ஒரு காரியத்தைச் செய்யாமல் இருந்ததற்கெல்லாம் பாராட்டு வாங்க ஆரம்பித்தால் சோம்பேறிகள் எல்லோருக்கும் ரோடு வேண்டியிருக்கும். ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது ஒன்று யோசித்தேன். பூட்டிய வருஷங்களைப் பற்றி அவர்களுக்குத் தெரியும், பூட்டாத வருஷங்களைப் பற்றியும் தெரியும். இரண்டையும் வைத்துப் பார்த்து இந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். உன் மூன்று வரிகளை வாசித்திருந்தாலும் கை தட்டியிருப்பார்கள். அது, சங்கிலி பூஜையன்று சுற்றிக்கொண்டு போனார்களே, அந்த மாதிரிக் கைதட்டலாக இருந்திருக்கும்.

கல்யாணத்துக்கு முன் மகனுக்கு அம்மா ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. நான் அதில் கெட்டிக்காரி இல்லை. இருந்தாலும் இதைச் சொல்கிறேன். நல்ல மனிதர்களும்கூட, சேர்ந்து வாழும் வீட்டில் வருஷத்துக்கு ஒரு நாள் கேட்டைப் பூட்டிக் காட்டுவார்கள். முந்நூற்று அறுபத்துநாலு நாளும் தாராளமாக இருந்துவிட்டு, ஒரு நாள், இது என் சம்பளம், இது என் ஊர், இது எங்கள் வீட்டு வழக்கம் என்று சங்கிலியை எடுப்பார்கள். அதற்கு ஒரு மரியாதையான காரணமும் வைத்திருப்பார்கள். எதிரில் இருப்பவர் ஒன்றும் சொல்லாமல் சுற்றிக்கொண்டு போவார். தெரியவில்லை என்று நினைத்துவிடாதே. நீது கழக்கூட்டத்தில் உன் ஆபீசிலேயே உன்னைவிடப் பெரிய டீமை நடத்துகிற பெண். நீ என்ன காரணத்துக்கு எதைப் பூட்டுகிறாய் என்பது உனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். உன் அப்பாவிடம் நீ எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கூச்சம்தான். எதிரில் ஒரு வண்டி வரும்போது அவருக்குக் கை வராது. அதை ஒரு காலத்தில் நான் கையாலாகாத்தனம் என்று நினைத்தேன். முப்பது வருஷம் அதோடு வாழ்ந்த பிறகு சொல்கிறேன், அப்படி நினைத்தது என் அவசரம்.

இனி நான் உனக்குச் சொல்லவேண்டிய முக்கியமான விஷயம். இதற்காகத்தான் விடியும் முன் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நேற்றுக் கூட்டத்துக்கு நீதுவும் வந்திருந்தாள். சசி சார் குரூப்பில் போட்ட நோட்டீஸை நீதான் அவளுக்கு அனுப்பியிருக்கிறாய், பெருமைக்காக அனுப்பியிருப்பாய். அவள் உன்னிடம் சொல்லாமல், வேலை முடிந்து பஸ் பிடித்து வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் பேசி முடித்து உட்கார்ந்த பிறகுதான் அவளைப் பார்த்தேன். மாட்டினிக்காரர் பேசியபோது மாடியிலேயே எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் அவள்தான். கூட்டம் முடிந்ததும் அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கேட்டுக்கு எத்தனை கம்பி, பொட்டு யார் வைப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னிடம் சேர்ந்தாற்போல் இருபது வார்த்தை பேசாத அந்த மனிதர் அவளிடம் சங்கிலியின் எடை வரைக்கும் சொன்னார். அவளுடைய ஆட்களின் முன்னால் நமக்கு எது குறைவு என்று நீ நினைத்தாயோ, அதை அவள் இன்னும் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

பிறகு நான் அவளைத் தம்பானூர் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். பஸ் வரக் காத்து நின்றபோது, "அவனுக்கு இது தெரியுமா அம்மா" என்று கேட்டாள். சின்ன வயதிலிருந்தே தெரியும், பொட்டு வைத்ததே அவன்தான் என்றேன்.  "எனிக்கு அவன் வேற கதையல்லவா அனுப்பினான்" என்றாள். அப்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. கோபமும் இல்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். நீ அவளுக்கு அந்த மூன்று வரிகளை அனுப்பியிருந்தாய் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதித் தரப்போவதில்லை. எழுதித் தந்ததை வாசிப்பதில் இந்தக் குடும்பத்துக்கு நல்ல அனுபவம் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அவளை அழைத்துக்கொண்டு வா. பைக்கில் வேண்டாம், ஹெல்மெட்டுக்குள் இதைப் பேச முடியாது. பஸ்ஸிலேயே பக்கத்தில் உட்கார்ந்து வாருங்கள். கழக்கூட்டத்திலிருந்து ஹைவே எப்படியும் அடைத்துக்கொண்டுதான் இருக்கும், சொல்லி முடிக்க உனக்கு வேண்டிய நேரம் கிடைக்கும்.